பயண நிதி இல்லாமல் கோவைக்கு

வியாழன், காலை 5.50. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கோவைப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய். தூரம் இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த மாதிரி விவரங்களை மகிழ்ச்சியோடு எழுதுவார்கள். நான் எரிச்சலோடு எழுதுகிறேன். அந்த இருநூற்றுப் பத்து ரூபாயை மாநாட்டுக்காரர்கள் கொடுத்திருக்க வேண்டும்.

நான் தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போலீஸார் அனுப்பும் தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்டு, அது யார் குரல், என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கோவை பீளமேட்டில் ஒரு கல்லூரியில் தடய அறிவியல் மாநாடு நடக்கிறது என்றும், கட்டுரை வாசிக்க வருகிறவர்களில் சிலருக்குப் பயண நிதி உண்டு என்றும் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தேன். சிறந்த கட்டுரைக்கு ஒரு விருது. விருது பெறுகிறவரை வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு விமானத்தில் அனுப்பி வைப்பார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. இதுவரை விமானம் ஏறியதில்லை. இதை ஒளிப்பதில் பயனில்லை, எனக்கு அந்த விருது வேண்டும்.

பயண நிதி எனக்குத்தான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். காரணம் இருந்தது. மாநாட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது செந்தில்குமார் என்ற அலுவலர், என் விண்ணப்பத்தைப் பார்த்து, பெயரைப் போட்டுவிட்டுச் சொல்வதாகத் தெளிவாகச் சொன்னார். நான் அன்றே பிரிவில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. சுகந்தியின் பெயர் இருந்தது.

சுகந்தி என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவள். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம், வேலை சென்னையில், இன்னொரு தடய அறிவியல் ஆய்வகத்தில். படிக்கும்போது ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்குவாள். ஐந்து மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருந்தால் இவள் வேறு வகை என்று விட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மதிப்பெண் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது அவள் சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் வருகிறாள். சொந்த ஊர்ப் பக்கம் வருவதற்கு ஊரார் செலவில் விமானம்.

காலை 9.15. ஒட்டன்சத்திரம் தாண்டித் தாராபுரம் வந்தது. இங்கிருந்து நிலம் வெளுத்து, காற்றாலைகள் வரிசையாகச் சுற்றத் தொடங்கின. ஒரு பெண்மணி மடியில் கூடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல்லடத்தில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். ஏனுங்க அம்மிணி, எங்கீங்க போறீங்க என்று ஆரம்பித்தவர் இருபது நிமிடத்தில் என் கதை முழுவதையும் வாங்கிவிட்டார். நிதி, பட்டியல், மைசூர்பாகு, சுகந்தி எல்லாவற்றையும் கொட்டினேன். முன்பின் தெரியாதவரிடம் பொறாமையைச் சொல்வது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏரோப்ளேன்ல வந்தாலும் மத்தியானம் அங்க போடற அதே சோத்தத்தானுங்க அவிங்களும் உண்ணோணும்” என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இறங்கும்போது கூடையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

காலை 11.30. சிங்காநல்லூர் பேருந்து நிலையம். பீளமேட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் ‘வாங்க, உக்காருங்க, பையை இப்படிக் குடுங்க’ என்று ஒவ்வொன்றுக்கும் ‘ங்க’ சேர்த்துப் பேசினார். நடுவில் வந்த தன் மகனின் தொலைபேசி அழைப்புக்கும் ‘சொல்லுங்க கண்ணு’ என்றுதான் பதில் சொன்னார். மதுரையில் எங்களுக்குக் கோபம் வந்தால்தான் இவ்வளவு மரியாதை வரும்.

பழைய மில் சுவர் ஒன்றைக் கடந்து கல்லூரிக்குள் நுழைந்தேன். பதிவு மேசையில் ஒரு துணிப்பையும் கழுத்து அட்டையும் கொடுத்தார்கள். நிதி பெற்றவர்களின் அட்டையில் மட்டும் தங்க நிற நாடா ஒன்று தொங்கியது. யார் நிதி பெற்றார், யார் பெறவில்லை என்பதை இருபதடித் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. சுகந்தி அந்த நாடாவோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நலம் விசாரித்தாள், உண்மையான அன்போடுதான் விசாரித்தாள். நான் நாடாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டில் அரிசிம்பருப்பு சாதம் போட்டார்கள். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, நெய் ஊற்றித் தருகிறார்கள். நான் அதுவரை சாப்பிட்டதில்லை, பெயரையும் கேட்டதில்லை. இரண்டாம் முறை வாங்கினேன். பேருந்துப் பெண்மணி சொன்னது சரிதான், நாடாக்காரர்களுக்கும் அதே சோறுதான்.

மதியம் 2.10. வயிறு நிறைந்த தைரியத்தில் செந்தில்குமாரைத் தேடிப் போனேன். ஐம்பது வயதிருக்கும், கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி போடச் சொன்னார், மோர் வரவழைத்தார். நான் மோரைத் தொடவில்லை. பெயரைப் போடுவதாகச் சொல்லிவிட்டு ஏன் போடவில்லை, அலுவலகத்தில் எனக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா என்று கேட்டேன். அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். என்ன சொன்னார் என்பது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது என்றேன். ‘உங்க அப்ளிகேசனப் பாத்துப்போட்டுச் சொல்றனுங்க’ என்றுதானே சொன்னீர்கள்?

அவர் முகம் தெளிந்தது.

“ஆமாங்க, அதேதானுங்க சொன்னேன். பாத்துப்போட்டுச் சொல்றேன்னா, பாத்துட்டுச் சொல்றேன்னு அர்த்தமுங்க. நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

எனக்குக் காது சூடாகியது. சாப்பிட்டுவிட்டு, பார்த்துவிட்டு என்பதை எங்கள் ஊரில் சாப்பிட்டுட்டு, பாத்துட்டு என்போம். இவர்கள் சாப்பிட்டுப்போட்டு, பாத்துப்போட்டு என்கிறார்கள். அதில் போடுவதற்கு ஒன்றுமே இல்லை. பெயரையும் போடவில்லை, நிதியையும் போடவில்லை. நானாக ஒரு பட்டியலைக் கற்பனை செய்து, அதில் என் பெயரைப் போட்டுக்கொண்டு, மைசூர்பாகும் வாங்கியிருக்கிறேன். பேச்சைக் கேட்டு எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

மாலை 4.30. ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. டீ பதினைந்து ரூபாய். அவமானத்தை ஆற்றிக்கொள்ளலாம் என்று நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பாத்துப்போட்டு வாரேன், நீ கதவைச் சாத்திக்க என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் டீயைப் பலகையில் வைத்தேன்.

‘பாத்துப்போட்டு வாரேன்.’ இந்தச் சொற்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஒரு முறையல்ல, நூறு முறைக்கு மேல், காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். மறுநாள் நான் வாசிக்கப்போகும் கட்டுரையின் உயிரே அதுதான். பதினான்காவது ஸ்லைடு.

வழக்கை ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். காங்கேயம் பக்கத்திலிருந்து கொப்பரை வியாபாரத்துக்காக மதுரைக்கு வந்த ஒருவர். மதுரையில் அவருக்கு ஒரு தரகர், இருவருக்கும் தகராறு. ஒருநாள் தரகர் கத்தியால் குத்தப்பட்டார், பிழைத்துக்கொண்டார், குத்தியவரை இருட்டில் பார்க்கவில்லை என்றார். கொப்பரைக்காரர் அன்று காலை தன் மனைவியோடு பேசியது அவர் கைப்பேசியில் தானாகப் பதிவாகியிருந்து எங்களிடம் வந்தது. பின்னால் லாரி இரைச்சல். அதில் ‘அவனப் பாத்துப்போட்டு வாரேன்’ என்றார். மதுரையில் ஒருவனைப் ‘போட்டுட்டான்’ என்றால் என்ன பொருள் என்று எந்தப் போலீஸ்காரரிடமும் கேட்கலாம், தீர்த்துக்கட்டிவிட்டான் என்பார். ‘போட்டுட்டு வாரேன்’ என்று வந்திருக்க வேண்டுமே, ஒரு ‘ட்டு’ குறைகிறதே என்று அப்போதே எனக்குத் தட்டியது. லாரிச் சத்தம் அதை விழுங்கியிருக்கும் என்று நானே தீர்மானித்தேன். ‘அவனைப் பார்த்து, போட்டு(ட்டு) வாரேன்’ என்று எழுதினேன். ஒரு காற்புள்ளி, ஓர் அடைப்புக்குறி. இரண்டையும் நான் வைத்தேன். அடுத்து வந்த சொற்கள் புரியவில்லை, ‘தெளிவில்லை’ என்று குறித்தேன். அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் மூன்று மாதமாகச் சிறையில் இருக்கிறார்.

அந்த அறிக்கையைத்தான், பெயர் ஊர் எல்லாம் நீக்கி, இரைச்சலில் விழுங்கப்பட்ட எழுத்துகளை மீட்பது எப்படி என்று விருதுக்கான கட்டுரையாக எழுதி எடுத்து வந்திருந்தேன்.

மாலை 6.00. என் சந்தேகம் சரிதானா என்று சொல்ல அந்தப் பக்கத்துப் பேச்சில் பிறந்து வளர்ந்த, இந்தத் தொழில் தெரிந்த ஒருவர் வேண்டும். கோவையில் எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஆள் ஒருத்திதான். அவளிடம் போவதைவிட நடந்தே மதுரைக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. விடுதி அறையில் பதினான்காவது ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எடுத்துவிட்டு வேறு உதாரணம் வைக்கலாம், யாருக்கும் தெரியாது. விருது முடிந்த பிறகு அறிக்கையைச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பலாம். இப்படி யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அரை மணி நேரம் இப்படித்தான் யோசித்தேன்.

பிறகு எழுந்து போனேன். சுகந்திக்கு விருந்தினர் மாளிகையில் குளிர்சாதன அறை. கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். எதையும் விளக்காமல் காதுக் கருவியைக் கொடுத்து ஒரு முறை ஓட்டினேன். நான் எழுதி வைத்திருந்ததைக் காட்டவில்லை, அந்த அளவுக்குத் தொழில் தர்மம் எனக்கு இருந்தது.

“பாத்துட்டு வாரேங்கறாரு” என்றாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே. “வெயில் ஏறங்காட்டி அவனப் பாத்துப்போட்டு வாரேன், அரிசிம்பருப்பு ஆக்கி வெய்யி, அப்படீங்கறாரு. ஊட்டுக்காரம்மாகிட்டப் பேசறாராட்ட இருக்குது. ஏன் வாசுகி, இதுல என்ன?”

மறுபடி ஓட்டிக் கேட்டேன். வெயில் ஏறுவதற்குள் அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறார், அடுத்து அரிசிம்பருப்பு. மூன்று மாதமாகத் தெளிவில்லாமல் கிடந்த இடம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. மதியம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதால் எனக்குக் கேட்டது. குத்தப் போகிறவருக்கும் பசிக்கும், அதனால் அவர் குற்றமற்றவர் என்று இந்த ஒலிப்பதிவு சொல்லிவிடாது. அதைத் தீர்மானிப்பது என் வேலையும் இல்லை. ஆனால் அதில் மிரட்டல் இல்லை. மிரட்டலாக இருந்தது நான் வைத்த காற்புள்ளியும் அடைப்புக்குறியும்தான்.

சுகந்தியிடம் என் அறிக்கையைக் காட்டினேன். படித்தாள், சீப்பைக் கீழே வைத்தாள். நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அவள்மேல் கோபப்பட்டாவது தூங்கியிருப்பேன்.

வெள்ளி, காலை 8.00. எங்கள் இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். போனை வைக்கச் சொன்னார். பிறகு வழக்கு விவரத்தைப் பார்த்துவிட்டு அழைத்தார். அந்த ஆளின் ஜாமீன் மனு செவ்வாய்க்கிழமை வருகிறதாம். திருத்திய அறிக்கை திங்களன்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், கொங்குப் பேச்சு அறிந்த வெளி ஆய்வாளர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றார். அப்படி யாராவது தெரியுமா என்று என்னிடமே கேட்டார்.

காலை 11.40. என் முறை வந்தது, பத்து நிமிடம். அரங்கில் இருநூறு பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் உள்ளூர் மாணவர்கள். பதினான்காவது ஸ்லைடை எடுக்கவில்லை. ஒலிப்பதிவை ஓட்டி, நான் எழுதியதைத் திரையில் காட்டினேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்குக் கேட்டதும் திரையில் இருந்ததும் வேறு வேறு. பிறகு, இப்படி எழுதிய அறிக்கை நீதிமன்றத்தில் இருக்கிறது, இந்தக் குரலுக்கு உரியவர் சிறையில் இருக்கிறார், எழுதியவள் நான் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. மீதி நேரத்தில் நான் சொல்ல வந்த முறைகளைச் சொன்னேன், யார் காதிலும் விழுந்திருக்காது.

நடுவர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்படின்னா உங்க முடிவுகள எந்த அளவுக்கு நம்பறதுங்க?”

“இதை நம்பாதீங்க சார். மத்ததைத் திரும்பக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன்.

இறங்கி வந்து உட்கார்ந்தேன். வெளிநாட்டு விமானம் என்னை விட்டுவிட்டுப் பறந்துபோனது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மதியம் 2.30. சுகந்தி வாசித்தாள். உடைகளில் ஒட்டியிருக்கும் பருத்தி இழையைக் கொண்டு அது எந்த நூற்பாலையின் நூல் என்று கண்டுபிடிப்பது பற்றிய கட்டுரை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று உன்னிப்பாகக் கேட்டேன். கிடைக்கவில்லை. இழைகளின் படங்கள் அழகாக இருந்தன, அவள் புடவையும் அழகாக இருந்தது. பத்து நிமிடத்தை ஒன்பதரையில் முடித்தாள். அரங்கம் கைதட்டி ஓய்ந்த பிறகும் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார், அது செந்தில்குமார். நானும் தட்டினேன். உள்ளங்கை வலிக்கத் தட்டினேன், வேறு எப்படித் தட்டுவது என்று தெரியவில்லை.

சனி, காலை 9.30. விருது விழா பதினொரு மணிக்கு. நான் இருக்கவில்லை. திங்களுக்குள் அறிக்கை எழுத வேண்டும் என்பது நல்ல காரணம். மேடையில் அவளைப் பார்க்க முடியாது என்பது உண்மையான காரணம். சிங்காநல்லூரில் மதுரைப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சூலூர், பல்லடம், விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள். பேருந்தில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், நடத்துநர் எல்லோருமே எதையோ செய்துபோட்டும் வாங்கிப்போட்டும் பேசிக்கொண்டே வந்தார்கள். வரும்போதும் இப்படித்தானே பேசியிருப்பார்கள்? அப்போது என் காதில் ‘ங்க’ மட்டும்தான் விழுந்தது. மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று ரசித்துவிட்டு மற்றதையெல்லாம் மதுரைத் தமிழாகவே கேட்டிருக்கிறேன். என் ஊரில் கேட்டுப் பழகிய காதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய முடியாது. அதைக் காதில் வைத்திருக்கிறோம் என்ற நினைப்பாவது வேண்டும். எங்கள் அலமாரியில் கொங்குப் பேச்சுள்ள பழைய பதிவுகள் இன்னும் இருக்கின்றன.

மதியம் 12.05. தாராபுரம் தாண்டியதும் சுகந்தி அழைத்தாள். விருது அவளுக்குத்தான். குற்றம் செய்தவள்போலத் தணிந்த குரலில் சொன்னாள். வாழ்த்துகள் என்றேன். பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதால் என் குரல் உடைந்ததாக அவள் நினைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அவளிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருந்தது. வாழ்நாளில் அவளிடம் நான் கேட்ட முதல் உதவி. திருத்திய அறிக்கையை நீ சரிபார்த்துக் கையெழுத்திட முடியுமா?

“அனுப்பு வாசுகி. அம்மாவப் பாக்கக் கோபிக்குத்தான் போயிட்டிருக்கறேன். இன்னைக்கே கேட்டுப்போட்டு, கையெழுத்துப் போட்டுப்போட்டு அனுப்பறேன்.”

இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் எனக்குப் புரிந்தது.

அறிக்கை திங்கள் காலை பத்தரைக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கீழே இரண்டு கையெழுத்து, முதலில் என்னுடையது, அதற்கு அடியில் அவளுடையது. இருபது வருடத்தில் என் பெயர் அவள் பெயருக்கு மேலே வந்தது அந்தத் தாளில்தான், அதுவும் தவறு செய்தவள் என்ற முறையில்.

செவ்வாய், மாலை 4.20. சுகந்தி அழைத்தாள். அவள் சித்தப்பாவுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில். கொப்பரை வியாபாரிகள் மத்தியில் செய்தி மதியமே பரவிவிட்டதாம். அந்த மனிதருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, நாளை காலை வீட்டுக்கு வந்துவிடுவார், நீ கவலைப்படாதே என்றாள். எங்கள் ஆய்வகத்துக்கு அந்த உத்தரவு முறைப்படி வந்து சேர ஒரு வாரம் ஆகும். கைப்பேசியை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். நல்ல அழுகைதான். முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது, இந்தச் செய்தியையும் எனக்கு முன்னால் அவளே கேட்டுவிட்டாளே என்று வயிறு எரிந்தது.